ஒரு விரல் அகலம்

அவரிடம் மணி கேட்டால்கூட நேராகப் பதில் வராது. "என் வாட்ச்ல பத்து அஞ்சு. இது ரெண்டு நிமிசம் முந்தி ஓடும். இன்னிக்கு எவ்வளவு முந்துதுன்னு பாக்கல" என்பார். கேட்டவர் அதற்குள் பஸ் ஏறிப் போயிருப்பார். பெரம்பலூரில் நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் அவருக்கு 'தெரியல டாக்டர்' என்று பெயர். முதலில் வைத்தவள் நான்தான். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் வைத்தியம் பார்க்கிற டாக்டர் அல்ல, மூளையை ஆராய்கிற பேராசிரியர். சில வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து திருச்சியில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தார். வாரத்தில் ஐந்து நாள் பஸ் ஏறி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். பின்கட்டில் ஒரு அறையை அவருக்கு விட்டிருந்தார்கள். கண் இரண்டும் பழுதில்லாமல் இருந்தும் பார்வை போனவர்கள்தான் அவருக்கு வேண்டும். பக்கவாதத்திலோ வண்டியிலிருந்து விழுந்தோ மூளையின் பின்பக்கம் கெட்டுப்போனால், இரண்டு கண்ணிலுமே ஒரு பக்கத்துப் பாதி தெரியாமல் போய்விடும். இதை வருகிறவர்களுக்கு அவர் போட்டோ ஸ்டுடியோவை வைத்துச் சொல்வார்.

"கண்ணு காமிராங்க. அது நல்லா இருக்கு. படம் கழுவுற எடம் தலைக்குப் பின்னாடி இருக்கு. அங்க பாதி வேலை நின்னுபோச்சு."

சொல்லிக்கொண்டே பின்மண்டையில் இரண்டு விரலால் தட்டிக் காட்டுவார். அந்த இடத்தில் லேசாக மின்சாரம் கொடுத்து, கூடவே பார்த்துப் பார்த்துப் பழக்கினால், போன பாதியில் கொஞ்சமாவது திரும்புமா? இதுதான் அவருடைய கேள்வி. பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்த ஒரு கேள்வியோடுதான் குடித்தனம்.

என் வீட்டுக்காரர் அப்படிப் பாதி போனவர். அரியலூரில் குவாரியிலிருந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது தலை சுற்றி உட்கார்ந்தார். எழுந்தபோது கை, கால், பேச்சு எல்லாம் சரியாக இருந்தன. இடது பக்கம் மட்டும் ஒன்றுமில்லை. நிலைக்கதவில் இடது தோள் இடிக்கும். தட்டில் இடது பக்கம் வைத்த பொரியல் அப்படியே கிடக்க, "பொரியல் வெக்கலயா?" என்று கேட்பார். போன இடத்திலெல்லாம் டாக்டர்கள் முதுகில் தட்டி, "போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். அவருக்கு முப்பத்தொன்பது வயது. மறுபடி லாரி ஓட்டவேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டும்.

அப்போது நான் பெரம்பலூரில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பார்த்து நம்பர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ சொன்னார்கள் என்று இவரை அழைத்துக்கொண்டு அந்தப் பின்கட்டு அறைக்குப் போனேன்.

"இது சரியாவுமா சார்?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க."

"உங்க மிசினு வெச்சா?"

"அதான் தெரியல. தெரிஞ்சிருந்தா நான் எதுக்குத் தெனம் பஸ்ஸுல வரேன்?"

எனக்கு வந்த கோபத்தில் அப்படியே திரும்பியிருப்பேன். வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். "இரு புள்ள. சரியாயிடும்னு சொன்னவன் யாருகிட்டயும் ஒண்ணும் சரியாவல. இந்தாளு தெரியலங்கறாரு. இங்கயே பாப்போம்" என்றார்.

டாக்டருக்கு மிஷினில் உட்கார்ந்து அதை இயக்க ஆள் வேண்டியிருந்தது. எனக்குக் கண் சோதிக்கத் தெரியும் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்தார். "சோதனைக்கு வர்ரவரோட சம்சாரமே மிசினுல ஒக்காருறது சரியில்லைதான். ஆனா வேற ஆளு கெடைக்கல" என்று என்னிடமே சொல்லிவிட்டு, அதைத் தன் நோட்டிலும் எழுதிக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னை ஒரு குறையாக எழுதிவைத்த முதலாளி உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

மிஷின் என்றால் பெரிய மிஷின் இல்லை. பேட்டரி போட்ட ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து இரண்டு ஒயர், உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சு. ஒன்றைப் பின்மண்டையிலும் ஒன்றை உச்சியிலும் வைத்து ரப்பர் பட்டையால் கட்டவேண்டும். 'ஷாக்கு வெக்கிறாங்களாம்' என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முன்னால், முதலில் தன் தலையில் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்து காட்டுவார். நெற்றியில் உப்புத் தண்ணீர் வழியும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். வந்தவர்கள் சிரித்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

பட்டை தலையில் இருக்க, தாடையை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு, எதிரே டி.வி. போன்ற கம்ப்யூட்டர் திரையின் நடுவிலுள்ள கூட்டல் குறியையே பார்க்கவேண்டும். பார்வை நகராமல் நிற்கிறதா என்று நான் பின்னால் உட்கார்ந்து ஒரு சின்னக் கண்ணாடியில் பார்ப்பேன். நின்றதும் கம்ப்யூட்டரில் ஒரு சாவியைத் தட்டுவேன். தெரியாத பக்கத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி வந்து போகும். அது தெரிந்தால் அவர்கள் கையிலுள்ள காலிங்பெல் பட்டனை அழுத்தவேண்டும். அரை மணி நேரம் இதே வேலை. தினமும்.

ஆரம்பத்தில் சனிக்கிழமைகளில் ஆண்களுக்கும் வெள்ளிக்கிழமைகளில் பெண்களுக்கும் பெட்டி வேலை செய்யாமல் விளக்கு அணைந்துபோகும். பேட்டரியை மாற்றினார், ஒயரை மாற்றினார், இரண்டு வாரம் பெட்டியைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சார், இன்னிக்கு எண்ணெ தேச்சுக் குளிக்கிற நாளு. தலையில எண்ணெ இருந்தா உங்க உப்புத் தண்ணி எப்படி ஒட்டும்?" என்றேன். வேறு யாராவது என்றால் முகம் சுருங்கியிருக்கும். இவர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். வெள்ளியில் ஆண்கள் மட்டும், சனியில் பெண்கள் மட்டும் என்று மாற்றிவைத்தார்.

தப்பு என்று தெரிந்துவிட்டால் அவருக்குக் கொண்டாட்டம்தான். ஒவ்வொருவரையும் அளப்பதற்கு முன்னால், என்ன வரும் என்று தான் நினைப்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். அளந்து முடித்தபின் எடுத்துப் பிரிப்பார். பொய்த்துப்போனால் முகம் மலர்ந்துவிடும். பலித்துவிட்டால், "என் ஆசையும் இதுவாத்தான் இருந்துச்சு. இன்னொருக்கா பாக்கணும்" என்று சந்தேகத்தோடு மறுபடி அளப்பார். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடித்த முயலையே முயல்தானா என்று கேட்கிறவரை அங்கேதான் பார்த்தேன். சில வருடம் முன்புதான் அரியலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள், பிறகு பெரம்பலூரோடு சேர்த்தார்கள், மறுபடி பிரிக்கப்போவதாகவும் பேச்சு இருந்தது. படிவத்தில் மாவட்டம் என்ற இடத்தை மட்டும் அவர் பென்சிலால் நிரப்புவார்.

அவருக்குத் திட்டமாகத் தெரிந்த விஷயம் ஒன்றை ஒரே ஒரு முறை நோட்டில் பார்த்தேன். நிலபுலன் உள்ள ஒரு பெரியவர் சோதனைக்கு வந்தார். டாக்டர் அவர் தலையில் பட்டை கட்டப் போனபோது, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார்.

"விக்கிரமங்கலங்க."

"அங்க எந்தத் தெரு?"

"காலனிங்க."

"அப்பா?"

"கூலி வேலை பாத்தாருங்க. இப்ப இல்ல."

பெரியவர் அன்று பேசாமல் பட்டையைக் கட்டிக்கொண்டார். மறுநாளிலிருந்து வரவில்லை. சாயங்காலம் நான் நோட்டை எடுத்து வைக்கும்போது அந்தப் பெயருக்கு எதிரே, 'வரவில்லை. காரணம் தெரியும்' என்று எழுதியிருந்தது. நோட்டை மூடி அலமாரியில் வைத்தேன்.

அந்த அப்பாவைப் பற்றியும் ஒரு முறைதான் சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பாவுக்குப் பக்கவாதம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "நாலு நாள்ல எந்திரிச்சிருவாரு" என்றார்களாம். "நான் அஞ்சாவது நாள் காலையில கட்டிலுக்குப் பக்கத்துல போயி நின்னேன்" என்றார். அன்றைக்கு வேறு ஏதோ பேச்சின் நடுவில் வந்தது, உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

முதல் வருடம் முடிகிற சமயம், சோதனைக்கு வந்த எல்லாருக்கும் பார்வை கூட ஆரம்பித்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. என் வீட்டுக்காரர் இடது பக்கம் வந்த புள்ளிகளில் முக்கால்வாசிக்குப் பட்டனை அழுத்தினார். ஆஸ்பத்திரியே பேசியது. வீட்டுக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. லாரி முதலாளியைப் போய்ப் பார்த்தார். "டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வா. தை பொறந்ததும் வந்து வண்டிய எடு" என்று அவர் சொல்லிவிட்டார். நானும் போய் லெட்டர் கேட்டேன்.

"இன்னும் ஒண்ணு பாக்க வேண்டியிருக்கு" என்றார்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். அதே பதில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டேன் என்கிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அவர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் லீவு போட்ட நாட்களில் ஆஸ்பத்திரி அட்டெண்டர் மிஷினில் உட்காருவார். அந்த நாட்களில் மட்டும் எல்லாருக்கும் பார்வை பழையபடி இறங்கியிருந்தது. நான் திரும்பி வந்தால் ஏறியிருந்தது. அவர் நோட்டைக் காட்டி இதைச் சொன்னபோது அட்டெண்டர் சிரித்தார்.

"இதுல என்ன சார் இருக்கு? அக்காவுக்குக் கைராசி."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பொய் சொல்வானேன், பெருமையாகவே இருந்தது.

"கைராசின்னா என்னன்னு பாக்கணும்" என்றார் அவர். மறுநாள் காலை முழுவதும் சோதனைக்கு வந்தவர்களுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். மத்தியானம் என்னை வெளியே கூப்பிட்டார்.

"அந்த வளையலக் கழட்டி வெச்சுட்டு ஒக்கார முடியுமாம்மா?"

என் இரண்டு கையிலும் டஜன் டஜனாகக் கண்ணாடி வளையல். வீட்டுக்காரர் விழுந்து எழுந்த பிறகு, தாலி தங்கியதற்காகச் சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் என் அம்மா போட்டுவிட்டது. உடைந்தால் உடைந்த அன்றே புதிதாகப் போட்டு நிரப்பிக்கொள்வேன். வெறுங்கையாக ஒரு நாள் இருந்ததில்லை.

"எங்க வூட்டுக்காரரு உசுரோட இருக்காரு சார்" என்றேன். "அவரு அந்த ரூமுல ஒக்காந்திருக்கயில என்னயப் பாத்துக் கழட்டச் சொல்றீங்களா? உங்க வூட்டுல யாரும் வளையல் போடலயா?"

அவருக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் முகம் செத்துப்போனது. "தப்பு. கேட்டது தப்பு. நீங்க கழட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வரும்போது கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் சிவப்புக் கண்ணாடி வளையல்கள். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டிருக்கிறார். 'எனக்குத்தாங்க' என்று சொல்லி வாங்கி வந்திருக்கிறார். அவர் கைக்கு நுழையாததால் ஒரு நூலில் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். என்னைச் சுவரோரம் உட்காரச் சொல்லி, கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். என் வீட்டுக்காரர் தாடையைத் தாங்கியில் வைத்துக் கூட்டல் குறியைப் பார்த்தார். நான் உட்காருகிற இடத்தில், அவருக்குப் பின்னால், டாக்டர் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் சாவியைத் தொடவே இல்லை. கையை மட்டும் லேசாக அசைத்தார். வளையல் கிலுங்கியது.

என் வீட்டுக்காரர் பட்டனை அழுத்தினார்.

இன்னொரு முறை கிலுங்கியது. அழுத்தினார். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. மறுபடியும் அழுத்தினார். ஐம்பது வயது ஆள் வளையல் போட்டுக்கொண்டு கையை ஆட்டுகிறார், எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"எல்லாம் தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுது சார். பளிச் பளிச்சுன்னு."

"இப்ப நான் ஒரு லைட்டும் போடலீங்க" என்றார் அவர். எழுந்து முன்னால் வந்து, கையிலிருந்த வளையலைக் காட்டி, நடந்தது அத்தனையையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "நீங்க பொய் சொல்லல. சத்தம் வந்தா லைட்டு வரும்னு மூளை பழகிக்கிச்சு. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியே இருந்திருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் ஆயிருக்கு."

சாவியைத் தட்டுவதற்காக நான் கையைத் தூக்கும்போதெல்லாம் என் வளையல்கள் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. ஒரு வருடம் முழுக்க.

அன்று என் வீட்டுக்காரர் அரியலூரில் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "புள்ள, எனக்கு நெசமாத் தெரிஞ்சுது" என்றார். நான் அழுதேன்.

மறுநாள் டாக்டரோடு சண்டைக்கே போய்விட்டேன். "நீங்க சும்மா விட்டிருந்தா அந்த மனுசன் சந்தோசமா இருந்திருப்பாரு" என்றேன்.

"தை பொறந்து வண்டிய எடுத்திருப்பாரு" என்றார். "ரோட்டுல இடது பக்கந்தாம்மா சைக்கிளு போவும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களும் அந்தப் பக்கந்தான் நடக்கும்."

எனக்குக் கோபம் போகவில்லை. நியாயம் அவர் பக்கம் இருந்தது என்பதால் கோபம் இன்னும் கூடியது.

அந்த வருடத்து வேலை அத்தனையும் வீண். ஏதோ ஒரு கூட்டத்தில் படிக்க அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகக் கடிதம் எழுதினார். அலமாரியிலிருந்த தாள்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் தலையிலும் 'வளையல் சத்தம்' என்று எழுதினார். ஒரு தாளைக்கூட விடவில்லை. இரண்டு நாள் ஆனது. பிறகு தையல் மிஷின் மோட்டாருக்குப் போடுகிற காலால் மிதிக்கும் பெடல் ஒன்றை வாங்கிவந்து கம்ப்யூட்டரோடு இணைத்தார்.

"கையி வேண்டாம், காலால அமுக்குங்க. வளையல் பாட்டுக்கு இருக்கட்டும். கழட்டச் சொன்னப்ப, கால்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தோணல" என்றார். சொல்லிவிட்டுத் தரையில் குனிந்து காதை வைத்து, என் மெட்டி சத்தம் கேட்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார். கோபத்தின் நடுவிலும் சிரித்துவிட்டேன்.

முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை பெட்டிகளில் இரண்டு வகை. ஒன்றில் அரை மணி நேரமும் மின்சாரம் வரும். இன்னொன்றில் முதல் அரை நிமிடம் எறும்பு ஊர்வதுபோலச் சுருக்கென்று இருந்துவிட்டு, பிறகு ஒன்றும் வராது. எது எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திருச்சியில் அவருடைய நண்பர் ஒருவர் நம்பர் ஒட்டி அனுப்புவார், விவரம் அவரிடம் மட்டும் இருக்கும். இதையும் வந்தவர்களிடம் அப்படியே சொன்னார். "சும்மா பொட்டியக் கட்டிக்கிட்டு ஒக்காரவா பஸ்ஸுக்குக் குடுத்துட்டு வரோம்?" என்று பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்.

என் வீட்டுக்காரரும் நின்றுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர்தான் முதல் ஆளாக வந்தார். "வளையல ஆட்டி என்னய முட்டாளாக்குனாருல்ல. இப்ப வந்து ஒக்காருறேன், பாக்கட்டும்" என்றார். அதற்குள் குவாரியில் லாரிகளை எடை போடுகிற இடத்தில் டோக்கன் எழுதுகிற வேலை கிடைத்திருந்தது. மத்தியான ஷிப்ட். காலையில் முதல் பஸ்ஸில் என்னோடு வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார். மிஷின் அறையில் கேட்டதற்குப் பதில் சொல்வார். வெளியே டாக்டர் எதிரில் வந்தால் இவர் வேறு பக்கம் பார்ப்பார். காய்ச்சல் வந்த நாளில்கூட விடுப்பு எடுக்கவில்லை. தெரியாத இடத்தில் வருகிற ஒரு புள்ளியைப் பார்த்தே தீருவேன் என்று அப்படி உட்கார்ந்திருந்த மனிதரைக் கண்ணாடியில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

அந்த வருடக் கடைசியில் டாக்டர் அளந்தார். மூன்று நாள், மூன்று முறை. நாலாவதாக ஒரு முறை என்னை வெளியே அனுப்பிவிட்டு, திருச்சியிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவந்து அளந்தார். பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். கையை நீட்டி ஒரு விரலை நிறுத்திப் பிடித்தால் அது எவ்வளவு மறைக்குமோ, நடுவிலிருந்து இடது பக்கம் அவ்வளவு கூடியிருக்கிறது.

"இது நெசமா?" என்றார் வீட்டுக்காரர்.

"நெசங்க."

"வண்டி ஓட்டலாமா?"

"கூடாதுங்க. இது பத்தாது. இனிமே பத்துற அளவுக்கு வரும்னும் எனக்குத் தோணல."

வீட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். டிப்பர் லாரி அன்றோடு முடிந்தது.

அறையை அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் கண்ணாடிக் கடைக்கே திரும்பினேன். சில மாதம் கழித்து, அரியலூர் மறுபடி தனி மாவட்டமாகியிருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதற்கு முன் வீட்டுக்கு வந்ததில்லை. தோளில் பை. முடி இன்னும் நரைத்திருந்தது. வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார், வாங்க என்று சொல்லவில்லை.

"பொட்டி வெவரத்த நேத்துத்தான் பிரிச்சோம்" என்றார் அவர். "மொதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன். உங்க பொட்டியில கரண்ட் இல்லீங்க. வருசம் பூரா சும்மாத்தான் இருந்திருக்கு."

நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தார், மறுபடியும் இந்த மனிதனிடமிருந்து பிடுங்கவா என்று நினைத்தேன்.

"அப்ப அந்த விரலு?" என்றார் வீட்டுக்காரர்.

"அது இருக்குங்க. நாலு தடவை அளந்தது. அதுல சந்தேகமில்ல."

"கரண்ட் இல்லாம எப்படி வந்துச்சு?"

"தெரியல. கரண்ட் குடுத்தவங்களுக்கும் குடுக்காதவங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லீங்க. எல்லாருக்கும் கொஞ்சங்கொஞ்சம் கூடியிருக்கு. தெனம் வந்து ஒக்காந்து பாத்ததுல வந்திருக்கலாம்."

அவர் அதை மணி சொல்வதுபோலத்தான் சொன்னார். எனக்குத்தான் மெதுவாக விளங்கியது. பத்துப் பன்னிரண்டு வருடக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அவருடைய மின்சாரம் ஒன்றும் செய்யவில்லை. என் வீட்டுக்காரருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும், கையை நீட்டி ஒரு விரலை நிறுத்திப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப அது பொட்டி குடுத்ததில்ல" என்றார் கடைசியில். "நானாப் பாத்தது."

"ஆமாங்க."

"ஒரு விரலு."

"ஆமாங்க. உங்களோடதுதான்."

வீட்டுக்காரர் எழுந்தார். உள்ளே வந்து சட்டையை மாட்டிக்கொண்டார். இரண்டு வருடமாக அவர் முகத்தில் நான் பார்க்காத ஒன்று இருந்தது. வெளியே போய் அவர் பையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க சார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் வரேன்" என்றார்.

இருவரும் தெருவில் இறங்கினார்கள். டாக்டர் என் வீட்டுக்காரருக்கு இடது பக்கமாக நடந்தார். அந்தப் பக்கம் வந்தால் இவருக்குத் தெரியாது. அதனால் இரண்டடிக்கு ஒரு முறை என் வீட்டுக்காரர் கழுத்தைத் திருப்பி, அவர் கூடவே வருகிறாரா என்று பார்த்துப் பார்த்துக்கொண்டே போனார்.